பன்னிரண்டு வயது வரை அப்பா துணை

1

போன மாதம் எனக்கு ஒரு வேலை போய்விட்டது. பதறாதீர்கள், தொழிற்சாலை வேலை அப்படியேதான் இருக்கிறது. இரும்பு உதிரிப்பாகங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக் குறை கண்டுபிடிப்பதற்கு அங்கே இன்னும் சம்பளம் தருகிறார்கள். போனது சம்பளமில்லாத வேலை. என் மகள் நிலாவைப் படத்துக்குக் கூட்டிக்கொண்டு போகிற வேலை.

அது ஒரு வேலையா என்று செஞ்சியில் இருக்கிறவர்கள் கேட்பீர்கள். இங்கே உள்ள ஏற்பாட்டைச் சொன்னால் புரியும். நான் இருப்பது ஜெர்மனியில், நியூரம்பர்க் நகரத்தில். இங்கே ஒவ்வொரு படத்துக்கும் எத்தனை வயதிலிருந்து பார்க்கலாம் என்று ஒரு எண் போட்டுவிடுவார்கள். பேசும் மீன், பாடும் கரடி என்று வருகிற அனிமேஷன் படங்களுக்குச் சின்ன எண். கோட்டை, புதையல், கப்பல் கொள்ளை என்று பணத்தைக் கொட்டி எடுக்கிற சாகசப் படங்களுக்குப் பெரும்பாலும் பன்னிரண்டு. பன்னிரண்டு ஆகாத பிள்ளை அதைப் பார்க்க வேண்டுமென்றால் பெரியவர் ஒருவர் பொறுப்பாகக் கூட வர வேண்டும். என் மனைவி ஜெசிக்குச் சனிக்கிழமைகளில் முதியோர் இல்லத்தில் டூட்டி. ஆக, ஜெர்மன் அரசாங்கமே பார்த்து என்னை என் மகளுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்திருந்தது.

போன மாதம் நிலாவுக்குப் பன்னிரண்டு ஆனது. கேக் வெட்டினோம். எல்லோரும் கை தட்டினார்கள், நானும் தட்டினேன். மனசுக்குள் ஒரே ஒரு கேள்விதான் ஓடிக்கொண்டிருந்தது. இனிமேல் சட்டம் கேட்காது. அதற்கப்புறமும் இவள் என்னைப் படத்துக்குக் கூப்பிடுவாளா?

"இன்னாத்துக்கு மூஞ்ச இப்படி வச்சிக்கினு இருக்கீங்க?" என்றாள் ஜெசி. அவள் செஞ்சிக்குப் பக்கத்துத் தொண்டூர்ப் பெண். இத்தனை வருஷ ஜெர்மனி அவள் பேச்சில் ஒரு கீறல்கூடப் போடவில்லை. "பொண்ணு வளர்றான்னு சந்தோசப்படுங்க."

"சந்தோசமாத்தான் இருக்கேன்."

"தெரியுது, தெரியுது. கேக்க அப்படியே தட்டுல வச்சிருக்கீங்களே."

2

இந்த வேலையில் சேர்ந்ததும் அவ்வளவு சுலபமாக நடக்கவில்லை. முதல் நாளே டிக்கெட் கவுண்டரில் மாட்டிக்கொண்டேன்.

என் பெயர் அருளப்பன். என் நைனா பெயர் சவரிமுத்து. நம் வழக்கப்படி அப்பா பெயரைப் பின்னால் போட்டுக்கொண்டேன், பாஸ்போர்ட்டில் அது குடும்பப் பெயராகிவிட்டது. அதே வழக்கப்படி மகளுக்கு என் பெயரைப் பின்னால் போட்டேன், அவளுக்கு நான் குடும்பப் பெயராகிவிட்டேன். கவுண்டரில் இருந்த பெண் என் அடையாள அட்டையையும் நிலாவின் அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

"நீங்கள் திரு சவரிமுத்து. குழந்தை அருளப்பன் குடும்பம். நீங்கள் இந்தக் குழந்தைக்கு யார்?"

"அருளப்பன்" என்றேன்.

"அது குழந்தையின் பெயர்."

"இல்லை, என் பெயர்."

"உங்கள் பெயர் சவரிமுத்து என்று இருக்கிறதே."

"அது என் அப்பா பெயர்."

"அப்படியானால் உங்கள் அப்பா எங்கே?"

"செஞ்சியில்" என்றேன். வேறு என்ன சொல்வது?

பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது. அப்போது நிலாவுக்கு ஆறு வயது. கவுண்டர் விளிம்புக்கு மேலே நெற்றி மட்டும்தான் தெரியும். அவள் எம்பி நின்று, என்னைவிட நல்ல ஜெர்மனில், "இவர் ரொம்பப் பேசுவார். ஆனால் என் அப்பாதான்" என்றாள். அந்தப் பெண் சிரித்துவிட்டு டிக்கெட்டைக் கொடுத்தாள். அன்றிலிருந்து நிலாவின் பிறப்புச் சான்றிதழை மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டுதான் படத்துக்குப் போவேன்.

இதில் இன்னொரு சங்கடமும் உண்டு. ஊரில் நைனா பெயரை நான் வாய்விட்டுச் சொன்னதே கிடையாது. இங்கே ஆஸ்பத்திரியிலும் அலுவலகத்திலும் எல்லோரும் என்னை அவர் பெயரில்தான் கூப்பிடுகிறார்கள். "சவரிமுத்து, உள்ளே வாருங்கள்" என்று நர்ஸ் கூப்பிட்டால் இன்றைக்கும் ஒரு கணம் திரும்பிப் பார்த்து, நைனா வந்திருக்கிறாரா என்று தேடிவிட்டுத்தான் எழுந்திருக்கிறேன்.

மொழியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இந்த ஊரில் எல்லாப் படமும் ஜெர்மனில்தான் பேசும். என் ஜெர்மன் தொழிற்சாலையில் கற்றது. ஷிப்ட், லீவு, வெடிப்பு, துரு, திருப்பி அனுப்பு, இவ்வளவுதான் சரளமாக வரும். சாகசப் படத்தில் யாரும் துருவைப் பற்றிப் பேசுவதில்லை. ஒருமுறை முன்னால் இருந்தவரின் உச்சிக்கொண்டை மறைக்கிறதே என்று, தலையைக் கொஞ்சம் சாய்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்க நினைத்து, தலையைக் கழற்றி வைக்க முடியுமா என்று கேட்டுவிட்டேன். அவர் எழுந்து வேறு இடத்துக்குப் போய்விட்டார். காரியம் முடிந்தது என்று நான் சந்தோஷப்பட்டேன், நிலாதான் விஷயத்தைச் சொன்னாள்.

ஆகவே படம் முழுக்க நிலா என் காதில் தமிழில் சொல்லிக்கொண்டே வருவாள். "அப்பா, அவன் கெட்டவன். அப்பா, அவ செத்துட்டா, ஆனா நெசமா சாகல." இந்த ஊர்த் தமிழ்ப் பள்ளியில் அவளுக்குப் பாடம் எடுப்பவர் யாழ்ப்பாணத்து டீச்சர் என்பதால் நடுநடுவே "வடிவா இருக்கு" என்றும் வரும். யார் தமிழாக இருந்தால் என்ன, காதில் விழுந்தால் சரி என்று இருந்தேன். கொஞ்ச நாளாக அது "அப்புறம் சொல்றேன்பா" என்று மாறியது. அப்புறம் அவள் சொல்வதே இல்லை.

3

ஆறு வருஷம் இந்த வேலையைப் பார்த்தவன் என்ற தகுதியில் சில கருத்துகள் சொல்ல அனுமதியுங்கள். பாதிப் படங்களில் நான் தூங்கிவிட்டேன். இவை மீதிப் பாதியைப் பற்றிய கருத்துகள்.

குழந்தைகளுக்கான படம் என்று சொல்லிக் கூட்டிப்போகிற அனிமேஷன் படங்களை எடுப்பது அப்பாக்களை அழவைப்பதற்குத்தான். படம் தொடங்கிப் பாப்கார்ன் பாதி தீர்வதற்குள் அம்மாவோ அப்பாவோ செத்துப்போவார். பிள்ளைகள் நிம்மதியாகத் தின்றுகொண்டிருப்பார்கள். நான் குளிர்காலக் கழுத்துத்துணியில் முகத்தைத் துடைத்துக்கொண்டிருப்பேன். ஒரு படத்தில் மகள் நத்தை ஊரை விட்டுப் புறப்படுகிறது. அப்பா நத்தை வழியனுப்ப வருகிறது. அது வந்து சேர்வதற்குள் மகள் போய்விடுகிறாள். என்னால் தாங்க முடியவில்லை. விம்மிவிட்டேன்.

"அவளும் நத்ததானப்பா" என்றாள் நிலா. "எவ்ளோ தூரம் போயிருப்பா? பக்கத்துலதான் இருப்பா."

நியாயமான கேள்விதான். ஆனாலும் என் அழுகை நிற்கவில்லை.

அடுத்தது, இந்தப் படங்களில் வருகிற குரங்குகள். எல்லாம் தங்கமான குரங்குகள், நண்பனுக்காக உயிரைக் கொடுக்கும். படம் எடுத்தவர்களை ஒரு நாள், ஒரே ஒரு நாள், கையில் புளிசோற்றுப் பொட்டலத்தோடு எங்கள் ராஜகிரிக் கோட்டை அடிவாரத்தில் நிறுத்திவைக்க ஆசை. பொட்டலம் போகும், பை போகும், கண்ணாடி போகும். அதற்கப்புறம் குரங்கை எப்படி வரைகிறார்கள் என்று பார்க்கலாம்.

எல்லா அனிமேஷன் படத்துக்கும் நீதி ஒன்றுதான். நீ நீயாக இரு. கடைசியில் ஒரு பாட்டு வரும், பனி உருகும், சூரியன் வரும், நீ நீயாக இரு. எங்கள் வீட்டில் நான் நானாக இருந்ததற்குத்தான் தினமும் உதை வாங்கினேன். பிள்ளையை அடிப்பது இந்த நாட்டில் குற்றம், இதை நிலாவிடம் சொன்னால் சிரிக்கமாட்டாள், பள்ளியில் சொல்லிவிடட்டுமா என்று கேட்பாள். அதனால் சொல்வதில்லை.

அப்புறம் அந்த அப்பாக்கள். சாகாத அப்பா என்றால் கட்டாயம் தொப்பையோடு இருப்பார், மீசை வைத்திருப்பார், மகள் சொல்வது எதுவும் அவருக்குப் புரியாது, அவளை எங்கேயும் விடமாட்டார். கடைசி ரீலில் அவருக்குப் புத்தி வரும். இப்படி ஒரு அப்பா திரையில் வந்தாலே நிலா இருட்டில் என் பக்கம் திரும்பிப் பார்ப்பாள். நான் வயிற்றை உள்ளே இழுத்துக்கொள்வேன்.

இங்கே பாப்கார்னில் உப்புப் போடுவதற்குப் பதில் சர்க்கரை போடுகிறார்கள் என்பதையும் ஒரு குறையாகப் பதிவு செய்கிறேன். அதனால்தான் நான் கோட்டுப் பையில் வறுத்த வேர்க்கடலை கொண்டுபோகிறேன். ஊரிலிருந்து நைனா அனுப்புவது, சிங்கவரத்துக் கடலை, ஓட்டோடு. பையில் தண்ணீர் பாட்டிலும் இருக்கும். தண்ணீரைக் காசு கொடுத்து வாங்குகிற அளவுக்கு நான் இன்னும் இந்த நாட்டுக்காரன் ஆகவில்லை.

4

சாகசப் படங்களைப் பற்றி என் கருத்து இன்னும் கடுமையானது. காரணம், அவற்றில் கோட்டை வருகிறது.

மூன்று மலைக்கும் சேர்த்து மதில் கட்டிய ஊரில் பிறந்தவனைக் கோட்டைப் படத்துக்குக் கூட்டிப்போனால் அவன் கதையைப் பார்க்கமாட்டான், கோட்டையைத்தான் பார்ப்பான். கதாநாயகன் சித்திரை மாசத்து வெயிலில் பாறைமேல் வெறுங்கையை ஊன்றி ஏறுகிறான். தோசைக்கல்லில் கை வைத்துவிட்டு எழுந்து வந்து வசனம் பேசச் சொல்லுங்கள், பார்ப்போம். அடிவாரத்திலிருந்து உச்சிக்கு ஒரே ஓட்டத்தில் போகிறான். எங்கள் ஊரில் கோட்டைக்குத் தினமும் போய்வருகிறவர்களே நடுவில் உட்கார்ந்து இடுப்பைப் பிடித்துக்கொள்வார்கள். ஆயிரம் வருஷமாக யாரும் போகாத குகைக்குள் தீப்பந்தம் எரிகிறது. எண்ணெய் ஊற்றியது யார்? மண்டகப்பட்டில் ஒரு பழைய குகைக்கோயில் இருக்கிறது, பள்ளிக்கூடத்தில் எங்களைக் கூட்டிப்போனார்கள். வௌவால் வாடையும், சாப்பாட்டுத் தூக்கை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தூங்கிய ஒரு காவலாளியும் தவிர உள்ளே ஆபத்து எதுவும் இல்லை.

எல்லாவற்றையும்விட, அத்தனை நூற்றாண்டு பீரங்கிக்கெல்லாம் அசையாமல் நின்ற கோட்டை இந்தக் கதாநாயகன் உள்ளே போன உடனே பொலபொலவென்று இடிந்து விழுகிறது. அவன் தூசியைத் தட்டிக்கொண்டு வெளியே வந்து முத்தம் கொடுக்கிறான். யார் வில்லன் என்பதில் எனக்கு எப்போதும் குழப்பம் உண்டு.

ஞாயிற்றுக்கிழமை போனில் நைனா என்னிடம் உடம்பு எப்படி என்று கேட்கமாட்டார்.

"டேய் அருளு, இன்னா படம் பாத்த?"

"கோட்டப் படம் நைனா."

"கெணறு காட்னானா? கொளம் காட்னானா?"

"இல்ல நைனா."

"தண்ணி இல்லாம அப்பொறம் இன்னாடா கோட்ட அது?" வைத்துவிடுவார். அவரைப் பொறுத்தவரை அந்தப் படம் அத்தோடு முடிந்தது.

இந்தத் தண்ணீர் விவகாரத்துக்கு ஒரு கதை இருக்கிறது. நைனா டிராக்டரில் தண்ணீர் டேங்க் ஓட்டினார். அந்தக் காலத்தில் எங்கள் கோட்டையில் ராஜா கதைப் படம் ஒன்று எடுத்தார்கள். டேங்கர் அடிவாரம் வரைக்கும்தான் போகும். அங்கிருந்து ராஜகிரி உச்சிக்கு எங்கள் ஊர் ஆட்கள் குடத்தில் சுமந்துகொண்டு ஏறினார்கள். கதாநாயகன் முகம் கழுவத் தண்ணீர், குதிரைக்குத் தண்ணீர், மேக்கப்புக்குத் தண்ணீர். மேலேயிருந்து மேனேஜர் ஒலிபெருக்கியில் கத்திக்கொண்டே இருப்பாராம், "தண்ணி எங்க? தண்ணி எங்க?" என்று. ஏறுகிறவர்களுக்கு நாக்குத் தள்ளியது. கடைசி நாள், பொறுக்க முடியாமல், நைனா அடிவாரத்திலிருந்து அடித்தொண்டையில் கத்திவிட்டார். "கீழ இருக்குது, எறங்கி வா."

படம் செஞ்சிக்கு வந்தது. தண்ணீர் சுமந்தவர்கள், கூட்டத்தில் ஈட்டி பிடித்து நின்றவர்கள், அவர்கள் வீட்டுப் பெண்கள் என்று ஊரே தியேட்டரில். கதாநாயகன் உச்சியில் நின்று, இரண்டு கையையும் விரித்து, நெஞ்சை நிமிர்த்தினான். வசனம் தொடங்கப்போகிறது. பின்வரிசையிலிருந்து யாரோ ஒரு புண்ணியவான் குரல் கொடுத்தான், "தண்ணி எங்க?" மொத்தத் தியேட்டரும் பதில் சொன்னது, "கீழ இருக்குது, எறங்கி வா." வசனம் யார் காதிலும் விழவில்லை. அன்றிலிருந்து எங்கள் ஊர்த் தியேட்டரில் எந்தப் படம் ஓடினாலும், திரையில் ஒருவன் உயரமான இடத்தில் நின்று கையை விரித்தால் முடிந்தது. ஒருவன் கேட்பான், எல்லோரும் பதில் சொல்வோம். பனிமலையில் நின்ற வெள்ளைக்காரனையும் விட்டதில்லை. ஆனால் ஒரு கதாநாயகனும் இறங்கி வந்ததில்லை.

நியூரம்பர்க்கிலும் மேட்டின்மேல் ஒரு கோட்டை உண்டு. வந்த புதிதில் பார்க்கப் போனபோது வழிகாட்டியிடம் முதல் கேள்வியாகத் தண்ணீர் எங்கே என்று கேட்டேன். அவள் ஒரு கிணற்றுக்குக் கூட்டிப்போய், குவளையிலிருந்து தண்ணீரை ஊற்றினாள். கீழே விழுந்த சத்தம் வருவதற்குள் நான் ஒரு கடலையை உடைத்துத் தின்றுவிட்டேன். அவ்வளவு ஆழம். அந்த நிமிஷம்தான் இந்த ஊரில் இருந்துவிடலாம் என்று முடிவு செய்தேன். நைனாவும் போனில் "அது கோட்ட" என்றார்.

5

நிலா சின்னவளாக இருந்தபோது இரண்டடுக்குக் கட்டிலில் மேல்தட்டில் படுப்பாள். தாகம் எடுத்தால் அங்கிருந்தே கத்துவாள், "தண்ணி எங்க?" நான் சமையலறையிலிருந்து, "கீழ இருக்குது, எறங்கி வா" என்பேன். தடதடவென்று இறங்கி வருவாள். அண்ணாந்து குடிக்கக் கற்றுக்கொடுத்திருந்தேன், பாதித் தண்ணீர் சட்டையில்தான் போகும். பள்ளிக்கூடம் போன பிறகு மற்ற பிள்ளைகளைப் பார்த்து பாட்டிலை வாயில் வைத்துக் குடிக்கத் தொடங்கினாள். அண்ணாந்து குடி என்று ஒவ்வொரு தடவையும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இப்போது அவளுக்குத் தனியாக ஒரு பாட்டில் உண்டு, தலைமாட்டிலேயே வைத்துக்கொள்கிறாள். யாரையும் கேட்பதில்லை.

முதல் சாகசப் படத்திலேயே, கதாநாயகன் மலைமேல் நின்று கையை விரித்தபோது, பழக்கதோஷத்தில் நான் குரல் கொடுத்துவிட்டேன். நிலா கொஞ்சமும் யோசிக்காமல் நாற்காலியில் ஏறி நின்று பதில் கத்தினாள். முன்வரிசையே திரும்பிப் பார்த்தது. அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

போன வருஷம் அதே தியேட்டரில், வேறொரு படத்தில், வேறொருவன் கையை விரித்தான். நானும் கேட்டேன். பதில் வரவில்லை. யாரோ உஸ் என்றார்கள். திரும்பிப் பார்த்தால் பக்கத்து நாற்காலியில் நிலாவைக் காணோம். சரிந்து சரிந்து கிட்டத்தட்டத் தரைக்குப் போயிருந்தாள்.

"அப்பா, ப்ளீஸ்" என்றாள். "என் கிளாஸ் பசங்க ரெண்டு பேர் முன்னாடி உக்காந்துருக்காங்க."

வீட்டுக்கு வரும் வழியில் நிபந்தனைகள் போட்டாள். பேசக்கூடாது. அழக்கூடாது. கடலை உடைக்கக்கூடாது. மூன்றுக்கும் சரி என்றேன். வேலையைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டுமே. அன்றைக்கு எனக்கு வலித்தது. இவள் என்னைப் பார்த்து வெட்கப்படுகிறாள் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

பிறந்தநாள் முடிந்த வாரம், நிலா சாப்பாட்டு மேசையில் செய்தியைச் சொன்னாள். புதிதாக வந்திருக்கிற புதையல் படத்துக்கு அவளும் அவள் தோழி லேனாவும் வகுப்புப் பெண்கள் இரண்டு பேரும் போகிறார்கள்.

"எத்தன மணிக்குப் போறோம்?" என்றேன்.

"நாங்க மட்டும் போறோம்பா. இப்போ எனக்குப் பன்னெண்டு."

கடுமையாகச் சொல்லியிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன். அவள் மெதுவாக, என் மனசு நோகக்கூடாதே என்று பார்த்துச் சொன்னாள். அதுதான் தாங்கவில்லை. கொண்டுபோய் விட்டுவிட்டு, படம் முடிந்ததும் தெருவாசலில் வந்து கூட்டிக்கொண்டால் போதும் என்றாள்.

6

சனிக்கிழமை மதியக் காட்சி. கொண்டுபோய் விட்டேன். "சரி, பப்பா" என்று ஜெர்மன் பிள்ளைகள் கூப்பிடுகிற மாதிரி கூப்பிட்டுக் கையை அசைத்துவிட்டுப் போனாள். தோழிகள் முன்னால் நான் பப்பாதான்.

ஜெசி டூட்டியிலிருந்து போன் செய்தாள். "எங்க இருக்கீங்க?"

"வெளியதான்."

"வெளியவே இருங்க. வாய மூடிக்கினு ஒரு காப்பி குடிச்சிட்டு ஒக்காருங்க. உள்ள கிள்ள போனீங்க, அந்தப் பொண்ணு ஜென்மத்துக்கும் உங்ககூட வராது."

"நான் எதுக்கு உள்ள போறேன்?" என்று சொல்லிவிட்டுக் கவுண்டருக்குப் போனேன்.

ஒரு டிக்கெட் கேட்டேன். அட்டை கேட்கவில்லை. நீங்கள் யாருக்கு யார் என்று கேட்கவில்லை. பிறப்புச் சான்றிதழைப் பர்ஸிலிருந்து பாதி எடுத்துவிட்டு மறுபடி உள்ளே வைத்தேன். அத்தனை வருஷம் அந்தக் கேள்விக்குப் பயந்திருக்கிறேன், அன்று யாராவது கேட்கமாட்டார்களா என்று இருந்தது.

அந்தத் தியேட்டர் பாதி பூமிக்கு அடியில் இருக்கிறது. விளக்கு அணைந்த பிறகு இறங்கிப்போய்க் கடைசி வரிசை மூலையில் உட்கார்ந்தேன். நடுவரிசையில் நான்கு தலைகள். அதில் இரட்டைப் பின்னல் நம்முடையது. எனக்குக் காதில் சொல்ல ஆள் இல்லாததால் கதை எதுவும் புரியவில்லை. யாரோ யாரையோ துரத்தினார்கள்.

திடீரென்று திரையில் ஒரு மலை வந்தது. யானை யானையாகப் பாறைகளை அடுக்கிவைத்த மலை. அதன்மேல் மதில். மதிலுக்குள் வளைந்த கூரையோடு ஒரு நெற்களஞ்சியம். ஏதோ ஒரு நாட்டில் ஏதோ ஒரு கம்ப்யூட்டரில் உட்கார்ந்து எவனோ எங்கள் ஊரை வரைந்திருக்கிறான். குளத்தை மட்டும் விட்டுவிட்டான். சக்கரக்குளம் எங்கே, செட்டிக்குளம் எங்கே? படுபாவி, இவ்வளவு வரைந்தவனுக்குத் தண்ணீர் வரையக் கை வரவில்லையா?

கதாநாயகன் உச்சிக்கு வந்தான். நின்றான். இரண்டு கையையும் விரித்தான்.

கேள்வி என் தொண்டைக்கு வந்துவிட்டது. வாயை எப்படியாவது அடைக்க வேண்டும். கோட்டுப் பையில் கையை விட்டு ஒரு கடலையை எடுத்து உடைத்து வாயில் போட்டுக்கொண்டேன். அந்த அமைதியில் ஓடு உடைந்த சத்தம் எனக்கே தூக்கிவாரிப் போட்டது.

அப்போது நடுவரிசையிலிருந்து ஒரு குரல் கேட்டது. தமிழில்.

"தண்ணி எங்க?"

இரட்டைப் பின்னல்தான். யாரோ உஸ் என்றார்கள். லேனா சிரித்தாள். பதில் நாக்கு நுனியில் நிற்கிறது. சொன்னால் நான் திருட்டுத்தனமாக வந்தது தெரிந்துவிடும். தோழிகள் முன்னால் அவள் மானம் போகும். ஜெசி சொன்னது நடந்துவிடும். கடலையோடு சேர்த்துப் பதிலையும் விழுங்கினேன்.

யாரும் பதில் சொல்லவில்லை. அவள் மறுபடி கேட்கவில்லை. சற்று நேரம் அப்படியே நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள், பிறகு நாற்காலியில் சாய்ந்துகொண்டாள். அதற்கப்புறம் திரையில் நடந்தது எதுவும் எனக்குத் தெரியாது. கோட்டை இடிந்திருக்கும், வழக்கம்தானே.

படம் முடிந்தது. என் திட்டம் என்னவென்றால், அவர்களுக்கு முன்னால் ஓடிப்போய்த் தெருவாசலில் அப்போதுதான் வந்தவன் மாதிரி நிற்பது. வெளிவாசல் திரையோரம் இருக்கிறது, கடைசி வரிசைக்காரனுக்கு முன்னால் எல்லோரும் போய்விடுவார்கள் என்பதை யோசிக்கவில்லை. நான் கூடத்துக்கு வந்தபோது பெண்கள் நால்வரும் மேலே போகிற படிக்கட்டில் பாதி ஏறியிருந்தார்கள். தானியங்கிப் படிக்கட்டு வேறு பழுது. பாப்கார்ன் கடைக்குப் பக்கத்தில் ஒரு தூண் இருந்தது, அதற்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். என் தொப்பைக்கு அந்தத் தூண் போதாது என்பது உண்மைதான்.

மேல்படியில் நிலா நின்றாள். திரும்பினாள்.

"அப்பா" என்றாள். பப்பா இல்லை. "வெளிய வா. கடல ஒடச்ச சத்தம் கேட்டுச்சு."

வெளியே வந்தேன். தோழிகள் மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். திட்டப்போகிறாள் என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

"நான் கேட்டனே. ஏன் பதிலே சொல்லல?"

"நீதானம்மா பேசக்கூடாதுன்ன."

"நீ உள்ள இருக்கன்னு தெரிஞ்சுதான கேட்டேன்" என்றாள். "வேற யாரு சொல்லுவா?"

லேனா அவளிடம் ஜெர்மனில் என்னவோ கேட்டாள். நிலா மேல்படியில் நன்றாக நிமிர்ந்து நின்று, அந்தக் கதாநாயகன் மாதிரி இரண்டு கையையும் விரித்துக்கொண்டு கத்தினாள்.

"தண்ணி எங்க?"

பாப்கார்ன் கடைக்காரர் திரும்பிப் பார்த்தார். டிக்கெட் கிழிப்பவர் பார்த்தார். பார்த்தால் பார்க்கட்டும். அடிவாரத்தில் நின்ற சவரிமுத்துவின் குரல் எனக்கு வந்தது.

"கீழ இருக்குது, எறங்கி வா."

தோழிகளை மேலேயே விட்டுவிட்டு, தடதடவென்று இறங்கி வந்தாள். சர்க்கரைப் பாப்கார்ன் தின்ற வாய், நிஜமாகவே தாகம். என் பையைத் திறந்து பாட்டிலை எடுத்து, வாயில் வைத்து மடமடவென்று குடித்தாள். அண்ணாந்து குடி என்று சொல்ல வந்தேன். சொல்லவில்லை. வாயை மூடிக்கொண்டு அவள் குடித்து முடிக்கிற வரைக்கும் பக்கத்தில் நின்றேன்.